சான்றிதழில் பட்ட எண்ணெய்

போன வாரம் பல்லாவரத்துக்காரி என்னைத் தேடிப் பிடித்து உங்கள் வாட்ஸப் குழுவில் சேர்த்தாள். சேர்த்த சற்று நேரத்திலேயே கேள்விகள் வரத் தொடங்கின. கெமிஸ்ட்ரி முதல் வருடத்தில் கடைசி பெஞ்சில் வெறுங்காதோடு உட்கார்ந்திருந்தவள் இவள்தானா என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம், ரெண்டாவது வாரமே நின்னுட்டாளே, வீட்டுல கல்யாணம் பண்ணி வெச்சுட்டாங்க என்றாள் இன்னொருத்தி. கல்யாணம் இல்லடி, டி.பி. வந்து சானடோரியத்துல சேத்துட்டாங்க, அப்பவே கேள்விப்பட்டேன் என்றாள் மூன்றாமவள். அவள் ஓர் அழுகிற பொம்மையையும் சேர்த்துப் போட்டிருந்தாள்.

கல்யாணம் இல்லை. டி.பி.யும் இல்லை. நான் படிப்பை நிறுத்தவில்லை. உங்களோடு சேரவே இல்லை. அந்தக் கல்லூரியின் எந்தப் பதிவிலும் என் பெயர் ஒருநாள்கூட இருந்ததில்லை. போனில் தட்டி இதைச் சொல்லி முடிக்க முடியாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாள் கிழமை விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அனகாபுத்தூரில் எங்கள் சபையின் வரலாற்றை எழுதி வைத்திருப்பவள் நான்தான். எந்த ஞாயிறு யார் ஞானஸ்நானம் எடுத்தார்கள், எந்த மழையில் ஆற்றுத் தண்ணீர் சபைக்குள் வந்து பாய்கள் மிதந்தன என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஊர் வரலாறு, சபை வரலாறு என்று கிடைத்ததையெல்லாம் படிக்கிறவள். ஆதாரமில்லாமல் ஒரு கிழமையைக்கூட எழுத மாட்டேன். நீங்கள் கல்லூரியில் சேர்ந்த அந்த ஒரு ஜூன் மாதத்தை மட்டும் அதில் எழுதாமல் தாண்டிப் போயிருக்கிறேன்.

அப்பா நாகல்கேணிப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் ஃபிட்டர். தோலில் மயிர் உதிரப் போடுகிற சுண்ணாம்புத் தொட்டிகளின் நெடி அவர் சட்டையில், செருப்பில், சாப்பாட்டுத் தூக்கில்கூட இருக்கும். அம்மா வீட்டைப் பார்த்துக்கொண்டாள். நான் ஒரே பிள்ளை.

எங்களுடையது பெந்தெகொஸ்தே சபை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, தரையில் பாய், ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் முக்காடிட்ட பெண்கள். நகை கிடையாது, பூ கிடையாது. ஞாயிறு ஆராதனையில் பாட்டு ஓய்ந்ததும் பாஸ்டர், "சாட்சி சொல்றவங்க சொல்லலாம்" என்பார். ஒருவர் எழுந்து காய்ச்சல் நின்றதையோ வேலை கிடைத்ததையோ சொல்லுவார். எல்லாரும் ஸ்தோத்திரம் என்போம். இதில் இன்னொரு வழக்கம் உண்டு. வேறு சபைக்காரர்களுக்கு அது சட்டென்று விளங்காது. இன்னும் கைக்கு வராத ஒன்றை வந்துவிட்டதாகவே விசுவாசித்து, முன்கூட்டியே எழுந்து சாட்சி சொல்லி நன்றி செலுத்துவது. அப்படிச் சொன்னவர் பிறகு பின்வாங்கக் கூடாது. பின்வாங்கினால் அது அவிசுவாசம்.

தாம்பரத்துக் கல்லூரி ஒட்டிய முதல் பட்டியலில் என் பெயர் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வெளியூரிலிருந்து ஓர் ஊழியக்காரர் வந்திருந்தார். என் தலையில் கை வைத்து, தாம்பரத்தில் ஒரு வாசல் திறந்திருப்பதைக் காண்கிறேன் என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தாம்பரம் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அன்று வியந்தேன். சபையே பல வாரமாகத் தாம்பரம், தாம்பரம் என்றுதான் ஜெபித்துக்கொண்டிருந்தது. யார் காதில் விழாமல் இருந்திருக்கும் என்று இன்று தோன்றுகிறது.

ஞாயிறு அப்பா எழுந்தார். சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, "கர்த்தர் என் மகளுக்குத் தாம்பரத்துல சீட் குடுத்துட்டார். ஸ்தோத்திரம்" என்றார்.

கஞ்சிரா சத்தம் கூரைவரை போனது. எங்கள் சபையிலிருந்து கல்லூரிக்குப் போகும் முதல் பெண் பிள்ளை நான். அன்று சாயங்காலமே சகோதரிகள் எல்லாரும் சேர்ந்து எனக்கு நீல ரெக்சினில் ஒரு தோள்பை வாங்கி வந்தார்கள். அதன் ஜிப் புதிதில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். மெழுகுவத்தி தேய்த்துச் சரிசெய்தேன். அந்தப் பையைப்போல ஒன்று அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வாய்க்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் முக்கியமான காகிதம் எதுவானாலும் பிரசங்க மேஜைக்குப் போகும். பாஸ்போர்ட், மனைப் பத்திரம், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எல்லாம் அதன் இழுப்பறையில் வைத்து ஜெபிக்கப்படும். அப்பா என் சான்றிதழ் ஃபைலைப் பாஸ்டரிடம் நீட்டி, "அபிஷேகம் பண்ணி வெச்சுக்கங்க பாஸ்டர்" என்றார். பாஸ்டர் எண்ணெய்ச் சீசாவைத் திறந்தார். தேங்காயெண்ணெய்தான்.

"காகிதமாச்சே பாஸ்டர், எண்ணெ எதுக்கு..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

அப்பா திரும்பிப் பார்த்தார். அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். பாஸ்டர் கட்டைவிரலை நனைத்து, கண்ணை மூடி, ஒவ்வொரு காகிதத்தின் கீழ் மூலையிலும் அழுத்தினார்.

கல்லூரி திறந்தது திங்கட்கிழமை. விடியற்காலையில் நான் தலை வாராமல் உட்கார்ந்திருந்தேன்.

"லிஸ்ட்டுல பேரில்லையேப்பா."

"லிஸ்ட்டு மனுஷன் ஒட்டறது" என்றார் அப்பா. "யோர்தான் கரையில நின்னுகினு தண்ணி பிரியட்டும், அப்புறம் எறங்கறோம்னு சொன்னாங்களா? ஆசாரியன் மொதல்ல தண்ணில கால வெச்சான். அப்புறந்தான் நதி வழி வுட்டுது. நீ போய் கால வை."

இஸ்ரவேலர் யோர்தான் நதியைக் கடந்த வேதாகமக் கதையைத்தான் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. என் செருப்பைத் தானே துடைத்து வாசலில் வைத்திருந்தார்.

பல்லாவரம்வரை பஸ், அங்கிருந்து மின்சார ரயில். மகளிர் பெட்டியில் நீங்கள் பலர் அன்று ஏறியிருப்பீர்கள். மல்லிகைப் பூவும் பவுடரும் மணக்கிற பெட்டியில், என்மேல் அப்பா சட்டையின் நெடி அடிக்கிறதோ என்று கதவோரமாகவே நின்றேன். கல்லூரி கேட்டில் வாட்ச்மேன் என் வெள்ளைத் தாவணியைப் பார்த்தார்.

"இன்னாமா, ஃபர்ஸ்ட் இயரா? நேரா போயி லெஃப்ட்ல திரும்பு. முழிச்சுகினு நிக்காத, போ."

யோர்தான் அவ்வளவு சுலபமாக வழிவிட்டது.

வகுப்பில் வருகைப் பதிவு எடுத்தார்கள். பெயர்களைக் கூப்பிட்டு முடித்த ஆங்கில மிஸ் நிமிர்ந்து, "யார் பேராவது வரலையா?" என்றார். எழுந்தேன்.

"லேட் அட்மிஷனா? ஆபீஸ்ல கேளு. இன்னும் சேத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. உக்காரு."

"சரி மிஸ்."

அந்தச் 'சரி'யில்தான் அடுத்த நாட்களில் நான் குடியிருந்தேன். ஒவ்வொரு வகுப்பிலும் அதே கேள்வி, அதே சரி. உங்கள் பெயர்களையெல்லாம் இன்றும் வரிசை மாறாமல் சொல்லுவேன். எந்த இரண்டு பெயர்களுக்கு நடுவில் என் பெயர் வரவேண்டும் என்று எனக்குத் தெரியும். முதல் பெயர் வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். இரண்டாவது பெயருக்குரியவள் "எஸ் மிஸ்" என்பாள். மூச்சை விடுவேன். அந்த இரண்டு பேரும் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள்.

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள்தான் பல்லாவரத்துக்காரி. உட்கார்ந்ததும் என் காதை உற்றுப் பார்த்தாள்.

"காது ஏன் மூளியா கீது? குத்தவே இல்லியா?"

"எங்க சபையில நகை போடமாட்டாங்க."

"எங்க பெரியம்மாக்குக் காது முழுக்க வளையம். உன்னயும் அவங்களயும் பக்கத்துல ஒக்கார வெச்சா ஆளுக்குச் சரிபாதியா வந்துரும்."

நான் சிரித்தேன். அந்தக் கல்லூரியில் நான் முதலில் செய்த காரியம் அதுதான்.

பிறகு ஆய்வுக்கூடம். டெமான்ஸ்ட்ரேட்டர் மிஸ் கண்ணாடிக் குமிழ்கள் அடுக்கிய ஒரு கருவியிலிருந்து வாயுவைத் திறந்துவிட்டார். அழுகிய முட்டை நாற்றம். உங்கள் தாவணிகள் எல்லாம் மூக்குக்குப் போயின. ஜன்னலுக்கு ஓடியவர்கள் உண்டு. நாங்கள் இரண்டு பேர் மட்டும் அப்படியே நின்றோம்.

"நீங்க ரெண்டு பேரும் மூக்கப் பொத்தலியா?" என்றார் மிஸ்.

"எங்க அத்தாக்கு தோல் மண்டி மிஸ்" என்றாள் அவள், தன் அப்பாவைச் சொல்லி. "வூட்ல டெய்லி இதான் சென்ட்டு."

நீங்கள் சிரித்தீர்கள். வெளியே வந்ததும் அவள் காதில், "எங்கப்பா தோல் கம்பெனில ஃபிட்டர்" என்றேன். என்னைப் பார்த்துவிட்டு, "அப்ப நீயும் நம்ம ஆளுதான். ரயில்ல கதவாண்ட நின்னுகினு இருந்தியே, இதுக்குத்தானா? லூசு" என்றாள்.

அன்றே மேஜைகளை நம்பர்படி ஒதுக்கினார்கள். ஆய்வுக்கூட அண்ணா ஒவ்வொருவருக்கும் சோதனைக் குழாய்களை எண்ணிக் கொடுத்துக்கொண்டு வந்தார்.

"நம்பர் சொல்லுமா."

"இன்னும் வரல அண்ணா."

"நம்பர் இல்லாத புள்ளைக்கு எப்டிமா குடுக்கறது? ஒடஞ்சா யாராண்ட போய் கேப்பேன்?"

"என்னாண்ட கேளுங்கண்ணா, நான் ஒடைக்கறதுக்கே பொறந்தவ" என்று பல்லாவரத்துக்காரி தன் குழாய்களில் பாதியை என் பக்கம் தள்ளினாள். அவள் மேஜையின் ஓரத்தில் நின்று, அவள் சூடாக்கிய குழாயில் நிறம் மாறுவதை நான் பார்த்தேன். அந்த நிறம் எனக்குரியதல்ல என்பது எனக்கு மட்டும் தெரியும். நம்பர் கிடைத்தவர்களுக்கு வெள்ளைக் கோட்டு தைக்கச் சொன்னார்கள். நீங்கள் எந்தத் தையற்காரரிடம் கொடுப்பது என்று பேசிக்கொண்டே போனீர்கள். நான் பின்னாலேயே வந்து கேட்டுக்கொண்டேன்.

இடையில் வந்த ஞாயிறு சகோதரிகள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். காலேஜில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று கேட்டார்கள். நாற்றமடிக்கும் வாயுவைப் பற்றிச் சொன்னேன். "கர்த்தர் என்னென்னல்லாம் படைச்சிருக்கார் பாரு" என்றார் பாஸ்டரம்மா. சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தக் கார்டு வந்தது. செவ்வாய் என்று உறுதியாகச் சொல்லுவேன். அன்று எங்கள் தெருவில் சந்தை, தபால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வந்தார். நகரத்துப் பக்கம் இன்னொரு கல்லூரியில் கணிதத்துக்கும் நான் விண்ணப்பம் போட்டிருந்தேன். அங்கே எனக்கு இடம் கொடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அசல் சான்றிதழ்களோடு வந்து சேர வேண்டும். வராவிட்டால் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"கைக்கு வந்தத புடிச்சுக்கலாங்க. கணக்கும் படிப்புதானே" என்றாள் அம்மா.

"இது சோதன" என்றார் அப்பா. "ஒரு கால் தண்ணில, ஒரு கால் கரையிலயா?"

"வெள்ளிக்கெழம தாண்டிட்டா கரையும் இருக்காதுங்க."

"சபையில எழுந்து நின்னு சொல்லியிருக்கேன்."

அப்பா கர்த்தருக்குப் பயந்தாரா, பாயில் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பயந்தாரா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அவருக்கு அவை இரண்டாக இருந்திருக்காது. கம்பெனியில் எத்தனையோ பேர் அவரை அதட்டுவார்கள். ஞாயிறு காலையில் மட்டும் அவர் எழுந்தால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதைவிட்டு அவரால் எப்படி இறங்கி வர முடியும்?

அந்த நாட்களில் நான் ஜெபித்ததைச் சொன்னால் நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்களில் யாருக்காவது மெடிக்கல் சீட் கிடைக்க வேண்டும், யாருடைய அப்பாவுக்காவது வடநாட்டுக்கு மாற்றலாக வேண்டும், யாருக்காவது கல்யாணம் நிச்சயமாக வேண்டும் என்று மதிய இடைவேளையில் படிக்கட்டுக்கு அடியில் நின்று ஜெபித்தேன். ஒரு நாற்காலி காலியாக வேண்டும், அவ்வளவுதான். டி.பி.க்காக மட்டும் ஜெபிக்கவில்லை.

வியாழக்கிழமை துறைத் தலைவி வகுப்புக்கு வந்தார். ஃபீஸ் கட்டிய ரசீதின் எண்ணை ஒவ்வொருவராக எழுந்து சொல்லச் சொன்னார். முதல் பெஞ்சிலிருந்து எண்கள் பின்னால் வரத் தொடங்கின. பல்லாவரத்துக்காரி என் முழங்காலை இடித்து, "எதனா ஒரு நம்பர் சொல்லிட்டு ஒக்காரு" என்றாள். என்னால் முடியவில்லை. எழுந்து நின்றேன். நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள்.

"நாளைக்கு உங்க அப்பாவோட வா" என்றார் அவர். "அதுவரைக்கும் க்ளாஸ்ல உக்கார வேண்டாம்."

அப்பா லீவு போட்டார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து முணுமுணுவென்று ஜெபித்துக்கொண்டே வந்தார். முதல்வர் அறையில் எங்களை உட்காரச் சொன்னார்கள். அப்பா உட்காரவில்லை.

"ஸ்தோத்திரம்மா. எம் பொண்ணுக்கு சீட் குடுத்ததுக்கு நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

முதல்வர் துறைத் தலைவியைப் பார்த்தார். அவர் இல்லை என்று தலையசைத்தார். முதல்வரும் கிறிஸ்தவர்தான்; பழைய, பெரிய சபையைச் சேர்ந்தவர். குரலை உயர்த்தவில்லை.

"சார், நாங்களும் காலையில ஜெபம் பண்ணிட்டுத்தான் இந்த ஆபீஸத் திறக்கறோம். எங்ககிட்ட இருக்கறதும் அதே கர்த்தர்தான். இடம் முடிஞ்சுபோச்சு சார்."

"எடம் வரும்மா. நான் காத்திருக்கேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "வேற எங்கயாவது கெடச்சிருக்காம்மா?"

அப்பாவைப் பார்த்தேன். அவர் மேஜைமேல் இருந்த கண்ணாடிக் குண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெடச்சிருக்கு மேடம். கணக்கு. இன்னிக்குத்தான் கடைசி."

"அப்ப இங்க என்ன பண்ணிக்கிட்டிருக்கே?"

நீங்கள் குழுவில் கேட்டதும் கிட்டத்தட்ட அதே கேள்விதான்.

அப்பா வெளியே வந்து வராந்தாவில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். கைக்குட்டையை விரித்துத் தொடைமேல் போட்டு, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார். ரயிலுக்குக் காத்திருப்பவரைப்போல இருந்தார். நான் தூணருகே நின்றேன். அப்போதுதான் பல்லாவரத்துக்காரி தாவணியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஏய், கேட்டாண்ட உங்கம்மா நிக்கறாங்க. வாட்ச்மேன் உள்ள வுட மாட்டேங்கறாரு."

அம்மா கையில் என் ஃபைல் இருந்தது. என்ன நடந்தது என்பதை ரயிலில் ஏறிய பிறகுதான் சொன்னாள். நாங்கள் கிளம்பியதும் அவள் உபவாச ஜெபத்துக்குப் போயிருக்கிறாள். பாட்டுக்கு நடுவில் எழுந்து, குனிந்தபடி முன்னால் போய், பாஸ்டரம்மாவிடம் ஃபைலைக் கேட்டிருக்கிறாள். "காலேஜ் ஆபீஸ்ல கேட்டாங்களா?" என்றார்களாம். "ஆமாங்க, ஆபீஸ்ல கேட்டாங்க" என்றாளாம். பாஸ்டரம்மா இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுக்கும்போது மெதுவாக, "சீட் கெடச்சும் சர்டிபிகேட் இங்கயே கெடக்குதேன்னு நானும் நெனச்சேன். கேக்கல" என்றார்களாம்.

கேட்டருகே நான், "அப்பாவக் கூப்புடட்டுமா?" என்றேன்.

"வேணாம். அவரு இருக்கட்டும். வா."

நீலப் பையைப் பல்லாவரத்துக்காரியிடம் கொடுத்து, வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றேன். நான் திரும்பப் போகவில்லை. பல வருடம் அவள் வீட்டுப் பரணில் இருந்ததாம். ஒரு வெள்ளத்தில் மற்றச் சாமான்களோடு போய்விட்டது என்று போன வாரம் போனில் சொன்னாள்.

ரயில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று நின்று போனது. அம்மா ஃபைலை முந்தானையால் மூடி மடியில் வைத்திருந்தாள். இறங்கி, வழி கேட்டு, வெயிலில் அரை ஓட்டமாகப் போனோம். அலுவலகம் திறந்திருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த கிளார்க் கார்டைப் பார்த்தார், பதிவேட்டில் என் பெயரைப் பார்த்தார். அங்கே என் பெயர் இருந்தது. தலைகீழாகத் தெரிந்த அந்த எழுத்துகளை நான் படித்தேன்.

"சர்டிபிகேட் குடுங்கம்மா."

மதிப்பெண் பட்டியலை வாங்கி மேலே வைத்தார். டி.சி.யை எடுத்தார். அப்படியே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இன்னாமா இது, பஜ்ஜி மடிச்சு எடுத்தாந்தீங்களா?"

கீழ் மூலையில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குக் காகிதம் கண்ணாடிபோல இருந்தது. பாஸ்டரின் விரல் பட்ட இடம் பள்ளிக்கூட முத்திரை இருந்த இடம். ஊதா மை எண்ணெயில் கரைந்து வட்டம் முழுதும் பரவியிருந்தது. பள்ளியின் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. தலைமையாசிரியரின் கையெழுத்துமேலும் ஊதா ஏறியிருந்தது.

"சமையக்கட்டுல வெச்சிருந்தேங்க" என்றாள் அம்மா. "எங் கை எண்ணெ பட்டுருச்சு."

அவளைத் திரும்பிப் பார்த்தேன். வாயைத் திறந்தேன். ஜன்னலுக்குக் கீழே அவள் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

கிளார்க் உள்ளே போய்த் தன் மேலதிகாரியிடம் காட்டிவிட்டு வந்தார். "சீல் படிக்க முடியாத டி.சி.ய வாங்கினா யுனிவர்சிட்டில எங்களத்தான் கேப்பாங்க. ஸ்கூல்ல வேற ஒண்ணு எழுதி வாங்கிட்டு திங்கக்கெழம வாங்க."

"திங்கக்கெழம எடம் இருக்குங்களா?"

"வெயிட்டிங்ல இருக்கற பொண்ணு அதோ நிக்குது பாருங்க."

பின்னால் ஒரு பெண் தன் அண்ணனோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். நல்ல பெண்ணாகத்தான் இருந்திருப்பாள். படிக்கட்டுக்கு அடியில் நான் ஜெபித்ததைப்போல அவளும் எங்காவது நின்று ஜெபித்திருப்பாள்.

அம்மா நகரவில்லை. கிளார்க்குக்குக் கோபம் வந்தது. எங்கள் மேலான இரக்கம்தான் கோபமாக வந்தது என்று நினைக்கிறேன். "ஏம்மா, புள்ள இவ்ளோ மார்க் வாங்கியிருக்கு. இந்தக் காகிதத்த இப்டியா வெப்பீங்க? நீங்க படிக்கல, சரி. அதுவாவது படிக்கட்டும்னு ஒரு நெனப்பு வேணாமா?"

"எந் தப்புதான் சார்" என்றாள் அம்மா. கையை நீட்டிக் காகிதங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

தெருவுக்கு வந்ததும் கேட்டேன். "ஏம்மா அப்டிச் சொன்ன? பாஸ்டர்தானே..."

"ஜெப எண்ணென்னு சொன்னா அந்தாளு சிரிச்சிருப்பான். உங்கப்பாவ நெனச்சு ஒருத்தன் சிரிக்கறத நான் நின்னு பாக்கணுமா?" சிறிது தூரம் நடந்தாள். "அவருகிட்ட இதச் சொல்லாத. போறதுக்குள்ள மூடிட்டாங்கன்னு சொல்லு. தெரிஞ்சா அவரு தாங்க மாட்டாரு."

அப்பா இருட்டிய பிறகு வந்தார். கல்லூரி கேட்டை மூடும்வரை அந்த பெஞ்சில் இருந்திருக்கிறார். வாசலிலேயே நின்று எங்களைப் பார்த்தார். அம்மா, "நாங்க போறதுக்குள்ள ஆபீஸ் மூடிட்டாங்க" என்றாள். அவர் செருப்பைக் கழற்ற வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

அந்த வருடம் வீட்டில் இருந்தேன். வேறு டி.சி. வாங்கி, டைப் படித்து, பிறகு தபால்வழியில் ஒரு பட்டமும் வாங்கி, ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றேன். டி.சி. எழுதிக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, "எண்ணெ படாம வைங்க" என்று சொல்லித்தான் கொடுப்பேன். பெற்றோர்கள் சிரிப்பார்கள். கணக்கு எடுத்திருந்தால் என்னவாகியிருப்பேன் என்று நினைக்காமல் இல்லை. அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. அந்தப் பழைய டி.சி. என்னிடம் இருக்கிறது. கட்டைவிரல் பட்ட இடம் மஞ்சளாகிவிட்டது.

அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது. தான் வராந்தாவில் உட்கார்ந்திருந்த நேரத்தால்தான் எல்லாம் போயிற்று என்று நம்பியே இறந்தார். அம்மா அவரைக் காப்பாற்றியது எதிலிருந்து, அவர்மேல் ஏற்றி வைத்தது எதை என்று இன்றும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அந்த வாரத்து ஞாயிறு. பாட்டு ஓய்ந்தது. பாஸ்டர், "சாட்சி சொல்றவங்க சொல்லலாம்" என்றார். ஆண்கள் பக்கத்தில் அப்பா எழுந்தார். சகோதரிகள் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். கஞ்சிராக்காரர் கையைத் தயாராக வைத்துக்கொண்டார். அப்பா சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எம் பொண்ணுக்கு இந்த வருஷம் படிப்பு இல்ல" என்றார். "தாம்பரத்துல சீட் கெடைக்கல. கெடச்ச எடத்துக்கு நான் நேரத்துக்குக் கூட்டினு போகல. நான்தான் ஒக்காந்துட்டேன். கர்த்தர்மேல குத்தம் இல்ல."

அப்படியொரு சாட்சியை அந்தச் சபை கேட்டதில்லை. ஸ்தோத்திரம் சொல்வதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. பாஸ்டர் மேஜைமேல் இருந்த தன் கையைப் பார்த்தார். கூரைத் தகட்டில் ஒரு காக்கை நடக்கும் சத்தம் கேட்டது. அப்பா உட்காரவும் இல்லை.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு குரல், "ஆமென்" என்றது.

குரல் என் அருகிலிருந்துதான் வந்தது. அம்மா முக்காட்டுக்குள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா எழுந்தபோது என் மணிக்கட்டைப் பற்றிய அவள் பிடி இறுகியபடியே இருந்தது.